ஹெடர் பிரெடிக்ஷன்: முன்கணிப்பா, எதிர்நோக்கா? (பாடநூல், அவசரம்)

அனைவருக்கும் வணக்கம்.

இயங்குதளப் பாடநூலில், வலைப்பொதிகளை இயங்குதளத்தின் உட்கருவான கெர்னல் கையாளும் அத்தியாயத்தை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். பாக்கெட்டுக்குப் பொதி, புரோட்டோகாலுக்கு நெறிமுறை என்று எழுதி வந்தவள், ஹெடர் பிரெடிக்ஷனில் நின்றுவிட்டேன். ஹெடர் என்பது பொதியின் முன்னால் அதைப் பற்றிய விவரங்களைத் தாங்கி வரும் பகுதி. வரைவில் 'தலைப்பு முன்கணிப்பு' என்று எழுதி வகுப்பில் கொடுத்தேன். "அடுத்த பொதியில் என்ன இருக்கும் என்று கெர்னல் கணக்குப் போட்டுச் சொல்கிறதா மிஸ்?" என்று ஒரு மாணவி கேட்டாள். அப்படி எந்தக் கணக்கும் நடப்பதில்லை. சொல்தான் அவளைத் தவறான பக்கம் திருப்பியிருக்கிறது.

நடப்பது இதுதான். தரவை வரிசை பிசகாமல் கொண்டுசேர்க்கும் நெறிமுறையான டிசிபியில் ஓர் இணைப்பு சீராக ஓடும்போது, அடுத்த பொதியின் தலைப்பு எப்படி இருக்கும் என்பது பெரும்பாலும் தெரிந்ததே. டிசிபி தலைப்பின் 13ஆம் பைட் முதல் 16ஆம் பைட் வரை உள்ள 32 பிட்டுக்குள் தலைப்பின் நீளம், கொடிகள் (பொதி எப்படிப்பட்டது என்று காட்டும் ஒற்றைப் பிட்டுகள்), சாளர அளவு (இன்னும் எவ்வளவு தரவை ஏற்க இடமிருக்கிறது என்பது) மூன்றும் அடங்கிவிடும். லினக்ஸ் அந்த 32 பிட் இப்படித்தான் வரவேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்கும், அதுவும் வலையில் பைட்டுகள் வரும் அதே வரிசையிலேயே. பொதி வந்ததும், கொடிகளில் புஷ் கொடியை மட்டும் ஒதுக்கிவிட்டு, ஒரே ஒரு ஒப்பீடு. அது பொருந்தி, வரிசை எண்ணும் காத்திருந்த எண்ணாக இருந்தால் பொதி விரைவழியில் போகும். இல்லாவிட்டால் முழுச் சோதனை. வலையமைப்பு ஆய்வாளர் வான் ஜேக்கப்சனின் யோசனை இது. 1990இல் வந்த 4.3 பிஎஸ்டி ரெனோ என்ற யூனிக்ஸ் பதிப்பிலேயே இருக்கிறது.

நல்ல சொல் சொல்லுங்கள்.

-----

> வரைவில் 'தலைப்பு முன்கணிப்பு' என்று எழுதி

அம்மா, முன்கணிப்புக்குப் போகுமுன் 'தலைப்பு' என்பதையே பார்க்க வேண்டும். தலைப்பு என்றால் கட்டுரைக்கு இடுவது. பொதிக்குத் தலைப்பு என்றால் அதற்கு ஏதோ பெயர் வைத்திருக்கிறார்கள் என்றுதான் படிப்பவர் நினைப்பார். 'பொதித்தலை' என்று சுருக்கலாமா என்று யோசித்தேன். ஆனால் அது 'பொதித்தல்' என்ற தொழிற்பெயரோடு ஐ உருபு சேர்ந்தது போல நிற்கிறது. "பொதித்தலைச் சரிபார்" என்று எழுதினால் எதைச் சரிபார்ப்பது? வலி மிகாமல் 'பொதிதலை' என்றால் வினைத்தொகை ஆகிவிடும்.

நம்மிடம் முகவரி என்ற சொல் இருக்கிறது. முகம், வரி. மடலின் முகத்தில் எழுதும் வரி. பொதியின் முகத்தில் இருப்பதும் அனுப்புநர், பெறுநர் வரிகள்தானே? அந்தச் சொல்லை அட்ரஸுக்குக் கொடுத்து முடித்துவிட்டோம். அதன் உறவாக 'முகவுரு' என்று ஹெடருக்கு வைக்கலாம். இல்லின் முன் என்பது முன்றில் ஆனது போல, முகத்தை வைத்துச் சொல் படைப்பது நமக்குப் புதிதல்ல.

-----

ஐயா, மன்னிக்க வேண்டும். நான் நெட்வொர்க் கருவிகளை இயக்கும் டிரைவர் நிரல்கள் எழுதுகிறவன். எங்கள் அறையில் யாரும் முகவுரு என்று சொல்லப்போவதில்லை. ஹெடர் என்றுதான் சொல்வோம். மாணவர்களும் நாளைக்கு எங்களோடுதான் உட்காரப்போகிறார்கள். ஹெடர் என்றே எழுதிவிட்டு, எது உண்மையில் புரியாமல் போகிறதோ அதற்கு மட்டும் சொல் தேடலாம் என்பது என் கருத்து.

புரியாமல் போகிற இடம் பிரெடிக்ஷன். இதில் வேகம் எவ்வளவு முக்கியம் என்று ஒரு கணக்கு சொல்கிறேன். 10 ஜிகாபிட் இணைப்பில் 64 பைட் சட்டகங்கள் (பொதியைச் சுமந்து வருபவை) இடைவிடாமல் வந்தால், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே 67 நானோநொடிதான். செயலிக்கு அருகிலுள்ள வேக நினைவகமான கேஷில் இல்லாத ஒன்றைத் தேடி முதன்மை நினைவகத்துக்கு ஒரு முறை போய்வந்தாலே அதில் பெரும்பகுதி, சில சமயம் முழுவதும் தீர்ந்துவிடும். இந்த அவசரத்தில் யாரும் உட்கார்ந்து கணிக்க முடியாது. கையில் தயாராக வைத்திருக்கும் ஒன்றோடு பொருத்திப் பார்க்கத்தான் முடியும். அதனால் 'ஹெடர் ஒப்பீடு' போதும்.

-----

> அதனால் 'ஹெடர் ஒப்பீடு' போதும்.

போதாது தம்பி. ஒப்பீடு கெர்னலில் எங்கேதான் இல்லை? பொதி பழுதில்லாமல் வந்ததா என்று காட்டும் செக்சம்மைச் சரிபார்ப்பதும் ஒப்பீடுதான், பொதி எந்த நிரலுக்கு என்று சொல்லும் போர்ட் எண்ணைத் தேடுவதும் ஒப்பீடுதான். முன்பே அறிந்திருப்பது என்ற பொருள் சொல்லில் இருந்தாக வேண்டும்.

சிலப்பதிகாரத்தில் மாதவி, கோசிகன் கையில் மண்ணுடை முடங்கல், அதாவது மண் முத்திரையிட்ட ஓலை, கொடுத்தனுப்புகிறாள். கூந்தலால் ஒற்றிய மண் இலச்சினை அது. கோவலன் இன்னும் ஓலையை விரிக்கவில்லை, ஓர் எழுத்தும் படிக்கவில்லை. உடன் வாழ்ந்த காலத்து நெய்வாசம் அந்த மண்பொறியில் இருந்து வருகிறது. யாருடையது என்று தெரிந்துவிட்டது. கையை விட்டு அகலவில்லை. நீங்கள் சொன்ன 32 பிட் அந்த மண்பொறிதான். உள்ளே போகுமுன் அறிவது. மண்பொறி 'உணர்த்தி' என்பது இளங்கோவடிகள் வாக்கு. ஆகவே 'முகவுரு முன்னுணர்வு' என்று முன்மொழிகிறேன்.

-----

ஐயா, இந்த இடத்தை வகுப்பில் கட்டாயம் சொல்வேன். ஆனால் முன்னுணர்வு என்றால் 'ஏதோ நடக்கப்போகிறது என்று மனசுக்குத் தோன்றுவது' என்றுதான் பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். 'எதிர்நோக்கு' எப்படி? வாசலில் நின்று வர வேண்டியவரை எதிர்நோக்குகிறோம். வந்தவர் அவர்தான் என்றால் கேள்வி இல்லாமல் உள்ளே விடுகிறோம். வாக்கியத்திலும் வைத்துப் பார்த்தேன்: "தலைப்பு எதிர்நோக்கு பொய்த்தால் பொதி முழுச் சோதனைக்குப் போகும்." மழை பொய்ப்பது போல இதுவும் பொய்க்கிறது. இயல்பாக இருக்கிறது.

அப்புறம், இன்னொரு சின்ன உதவி. ஈதர்நெட் தலைப்பு 14 பைட். அதை அப்படியே வைத்தால் ஐபி தலைப்பு 14இல் தொடங்கும், 4ஆல் வகுபடாது. சில செயலிகள் அந்த இடத்தில் 32 பிட் முகவரியைப் படிக்கத் திணறும். அதனால் முன்னால் 2 பைட்டை வெறுமனே விட்டு, 16இல் தொடங்க வைக்கிறார்கள். இந்தப் பொருளற்ற 2 பைட்டுக்கு என்ன பெயர்?

-----

இசைநிறை! தொல்காப்பியர் இடைச்சொல்லை வகுக்கும்போது அசைநிலை, இசைநிறை என்று இரண்டைத் தனியாகச் சொல்கிறார். பொருள் கிடையாது, ஓசையை நிறைக்க வருவது இசைநிறை. உங்கள் 2 பைட்டும் பொருளில்லாமல் அளவை நிறைக்கத்தான் வந்திருக்கின்றன. 'நிறைபைட்' என்று வையுங்கள்.

-----

நிறைபைட் அருமை ஐயா. இதை நான் நாளையிலிருந்தே அறையில் சொல்லத் தொடங்குவேன். அத்தியாயத்தில் ஒரு குறிப்பு மட்டும் சேர்க்க வேண்டும்: இன்டெல், ஏஎம்டி கணினிகளில் உள்ள எக்ஸ்86 செயலிகளுக்கு லினக்ஸ் இந்த நிறைபைட்டை விடுவதில்லை. தேவையில்லை.

-----

இதுவரை பேசாமல் படித்துக்கொண்டிருந்தேன். எதிர்நோக்கு எனக்கு உடன்பாடு இல்லை. இதே நூலில் செயலியைப் பற்றிய 3ஆம் அத்தியாயத்தில் நிரல் பிரியும் இடத்தில் எந்தப் பக்கம் போகும் என்று செயலி ஊகிக்கும் பிராஞ்ச் பிரெடிக்ஷனைக் 'கிளை முன்கணிப்பு' என்று போட்டிருக்கிறீர்கள். ஒரே பிரெடிக்ஷனுக்கு 3இல் ஒரு சொல், இந்த 7ஆம் அத்தியாயத்தில் வேறொரு சொல் என்றால், சொல்லடைவில் தேடுகிற மாணவர் என்ன செய்வார்? கொஞ்சம் பொருந்தாவிட்டாலும் ஒரே சொல்லாக இருக்கட்டும்.

-----

உங்கள் தயக்கம் நியாயமானது. ஆனால் அவை இரண்டும் ஒரே வேலை அல்லவே. கிளை முன்கணிப்பில் செயலி, முன்பு அந்தக் கிளை எந்தப் பக்கம் போனது என்ற வரலாற்றை வைத்து முடிவெடுக்கிறது. விடை தெரியுமுன்பே அந்தப் பக்கம் ஓடத் தொடங்கிவிடுகிறது. தவறினால் செய்த வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். தலைப்பு எதிர்நோக்கில் பொதி கைக்கு வரும்வரை கெர்னல் எதையும் தொடங்குவதில்லை. பொருந்தாவிட்டால் தூக்கிப் போட ஒன்றும் இல்லை. ஓர் ஒப்பீடு வீண், அவ்வளவுதான். என் மாணவி கேட்ட கேள்வியே இந்த வேறுபாட்டைத்தான் கேட்டது. ஆங்கிலம் இரண்டையும் ஒரு சொல்லில் கட்டிவிட்டது என்பதற்காக நாமும் கட்ட வேண்டியதில்லை. சொல்லடைவில் இரண்டு இடத்திலும் மற்றதைச் சுட்டிவிடுகிறேன்.

இன்று வியாழன். எதிர்நோக்குக்கு நான்கு பேர், முன்கணிப்புக்கு இருவர், முன்னுணர்வுக்கு ஐயா ஒருவர். ஹெடருக்குத் தலைப்பு என்பதையே, முதலில் வருமிடத்தில் விளக்கத்தோடு, வைத்துக்கொள்கிறேன். 'தலைப்பு எதிர்நோக்கு', 'நிறைபைட்' இரண்டும் இன்றிரவு அச்சுக்குப் போகின்றன.

-----

எதிர்நோக்கை ஏற்றுக்கொள்கிறேன் அம்மா. தலைப்பை ஏற்க முடியவில்லை. அடுத்த பதிப்பு எப்போது?