மைக்ரோக்ளியாவுக்குத் தமிழில் என்ன பெயர்?

குழும அன்பர்களுக்கு வணக்கம். மைக்ரோக்ளியா என்பது மூளையில் இருக்கும் நோயெதிர்ப்பு அணு (செல்). மறதிநோய்க் கையேட்டில் அதை எப்படி அழைப்பது என்பதற்குக் குழுமத்தில் வந்த நான்கு பெயர்களையும் பற்றி என் கருத்து இது.

'நுண்பசையணு' வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நரம்பணுக்களைச் சேர்த்துப் பிடிக்கும் பசை என்று கருதி 1856-இல் ஜெர்மானிய மருத்துவர் ஃபிர்ஹோ வைத்த பெயர் 'க்ளியா'. 1919-இல் ஸ்பெயின் அறிவியலாளர் ரியோ ஓர்தேகா வெள்ளிச் சாயமேற்றி இந்த அணுக்களைத் தனியே இனங்காட்டியபோதே, இவை விழுங்கும் தன்மையுள்ளவை என்று சொல்லிவிட்டார். இவை நரம்பணுவின் வழிவந்தவையும் அல்ல. கருவின் மஞ்சள்கருப் பையில் தோன்றி, மூளையில் குடியேறி, அங்கேயே பெருகுபவை. அப்புறம் பசைக்கு என்ன வேலை?

'மூளைக் காவலணு' கேட்க இனிமைதான். ஆனால் அல்சைமர் நோயில் இவை அமிலாய்டு என்ற புரதப் படிவைச் சூழ்ந்து விழுங்குவதும் உண்டு. நாள்பட்ட அழற்சியில் நரம்பிணைப்புகளைக் கெடுப்பதும் உண்டு. இவற்றில் இயங்கும் ட்ரெம்2 மரபணுவின் சில மாற்றங்கள் அல்சைமர் வாய்ப்பைக் கூட்டுவது 2013-இல் தெரியவந்தது. பாதி வேலையை மட்டும் சொல்லும் பெயர் நமக்கு ஆகாது.

செல்லூரில் மறதிநோயாளிகளின் வீட்டாருக்குக் கையேட்டு வரைவை வாசித்துக் காட்டினோம். 'மூளைவிழுங்கி' என்ற வரி வந்ததும் ஒரு அக்கா நிறுத்தச் சொன்னார். "அப்ப எங்கம்மா மூளைய அது தின்னுருச்சா சார்?" பிறகு அந்தச் சொல்லை யாரும் எடுக்கவில்லை.

நம் குழுமத்துத் திருமங்கலம் ஐயாவின் 'மூளையுறை விழுங்கணு' பொருளில் மிகச் சரி. மூளையில் உறைவது என்றுதான் ஐயா சொல்கிறார். மாணவர்களோ மூளையைப் போர்த்திய சவ்வு என்று படிப்பார்கள். ஆகவே ஒரே ஒரு திருத்தம்: 'மூளைவாழ் விழுங்கணு'. நீர்வாழ், நிலவாழ் என்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் பழகிய அமைப்பு. பாடநூலின் 'விழுங்கு செல்'லோடும் ஒத்துப்போகும்.

தண்டுவட மரப்பு நோயை (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்) எழுதும்போது இந்தப் பெயரின் அருமை தெரியும். அங்கே நோயெதிர்ப்பு அணுக்களான டி செல்களும் பி செல்களும் இரத்தத்திலிருந்து மூளைக்குள்ளும் தண்டுவடத்துக்குள்ளும் புகுகின்றன. நரம்பிழைகளைப் போர்த்திய மயலின் உறை சிதைகிறது. பி செல்களைக் குறைக்கும் ஆக்ரெலிசுமாப் மருந்துக்கு 2017-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததும் இந்தப் புரிதலால்தான். இரத்தத்தின் விழுங்கணுக்களும் கூடவே வந்துவிடுவதால், வந்தவை எவை, முன்பே இருந்தவை எவை என்று பிரித்தாக வேண்டும். 'குருதிவழி விழுங்கணு', 'மூளைவாழ் விழுங்கணு' என்று இணையாக வைத்தால் குழப்பமே இல்லை.

டி செல், மயலின், அமிலாய்டு மூன்றும் அப்படியே இருக்கட்டும். மருத்துவரும் நோயாளி வீட்டாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். கையேடு அச்சுக்குப் போகுமுன் மறுப்புள்ளவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்.