மர மில்லில் மெஷின் ஆபரேட்டர் வேலைக்குச் சேரலாமா?

கோபி பிட்டர் (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். ஐ.டி.ஐ.யில் பிட்டர் முடித்த நான், சோமனூர்ப் பக்கம் விசைத்தறிகளுக்குப் பழுது பார்க்கும் வேலை செய்து வருகிறேன். தறிகள் அடிக்கடி நின்றுவிடுவதால் வேறு தொழிலுக்கு மாற நினைக்கிறேன். மேட்டுப்பாளையத்தில் ஒரு மர மில்லில், முதலில் உதவியாளாக வைத்துக்கொண்டு கை பழகியபின் பேண்ட் சா (வளையமாக ஓடும் நாடா ரம்பம்) ஆபரேட்டராக்குவதாகச் சொல்கிறார்கள். கோவையில் மரச்சாமான் செய்யும் நிறுவனம் ஒன்று சி.என்.சி. ரௌட்டரில் (கணினிக் கட்டளைப்படி பலகையைக் குடைந்து வெட்டும் மெஷின்) நேரடியாகப் பழக்குவதாகச் சொல்கிறது. சம்பளத்தில் பெரிய வேறுபாடு இல்லை. மர மில் என்றாலே விரல் போய்விடும் என்று அம்மா தடுக்கிறார். சேருவதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பவானிக்கரை:
தம்பி, நான் பேண்ட் சாவில் நிற்பவன். மில்லுக்குப் போனதும், பிளேடுக்குக் கூர் வைப்பது யார் என்று முதலில் கேளுங்கள். கூர் வைப்பதும், பற்களை இருபுறமும் மாற்றி மாற்றிச் சாய்த்துச் செட் கொடுப்பதும், அறுந்த பிளேடை ஒட்டுவதும் மில்லுக்குள்ளேயே நடந்து, அங்கே உங்களையும் கைவைக்க விடுவார்கள் என்றால் தயங்காமல் சேரலாம். பிட்டர் படித்தவருக்கு அரம் பிடிக்கத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. எல்லாவற்றையும் வெளியே கொடுத்து வாங்குகிற இடத்தில் எத்தனை காலம் இருந்தாலும் மரத்தடி ஏற்றிய வண்டியை ரம்பத்துக்குத் தள்ளுகிற ஆளாகவே இருப்பீர்கள். பிளேடு மழுங்கிவிட்டால் தூள் மாவாக விழும், பலகை அலையலையாக வரும், கருகிய வாடை அடிக்கும். அதற்குப் பிறகும் தள்ளினால் பிளேடு அறுந்துவிடும்.

நம் பக்கத்து மரத்தில் இன்னொரு தொல்லை உண்டு. வேலியோரத்து வேம்பிலும் வாகையிலும் என்றோ அடித்த ஆணியும் முள்கம்பியும் மரம் பருக்கப் பருக்க உள்ளே புதைந்துவிடும். துவர்ப்புச் சத்துள்ள மரமானால் இரும்பைச் சுற்றிக் கருநீலக் கறை பிடித்திருக்கும். தடியின் வெட்டு முகத்தில் அந்த நிறத்தைக் கண்டதும் வண்டியை நிறுத்தத் தெரிந்தவனைத்தான் நான் ஆபரேட்டர் என்பேன்.

கணபதி ரௌட்டர்:
பவானி அண்ணன் சொல்வதை மறுக்கவில்லை. ஆனாலும் நான் கோவை நிறுவனத்தைத்தான் சொல்வேன். சி.என்.சி.யில் ஓடும்போது கை கருவிக்கு அருகில் போக வேண்டியதில்லை. ஆனால் அங்கும் பலகையை ஏற்றி இறக்குவது மட்டும் உங்கள் வேலை என்றால் பயனில்லை. புரோகிராம் போடவும், கருவி மாற்றிப் பூஜ்யம் (வெட்டு தொடங்கும் புள்ளி) வைக்கவும் கற்றுத்தருவார்களா என்று கேளுங்கள். எம்.டி.எப். (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த) பலகையை வெட்டும் இடத்தில் தூள் உறிஞ்சி இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995-லேயே வகைப்படுத்திவிட்டது. விரலுக்கு அஞ்சுகிற நாம் மூக்கை நினைப்பதே இல்லை.

பொள்ளாச்சிக் கணக்கர்:
நான் ஒரு மர மில்லில் கணக்கு எழுதுகிறவள். உங்கள் அம்மாவின் அச்சம் வீணானது அன்று. ஆனால் நான் பார்த்தவரையில் காயங்கள் பெரும்பாலும் பேண்ட் சாவில் அல்ல, வட்ட ரம்பத்தில்தான் நேர்ந்தன. தைல மரம் போன்றவை அறுபடும்போதே உள்முறுக்கு விட்டு இறுகி, ரம்பத்தின் பின்பக்கத்தைக் கவ்விக்கொள்ளும். அடுத்த கணம் கட்டை ஆளை நோக்கிப் பாயும். ரம்பத்துக்குப் பின்னால் பிளவைத் திறந்து வைக்கும் தகடும், மேல் மூடியும், தள்ளுகோலும் இருந்தால் இதைப் பெரிதும் தவிர்க்கலாம். வேலைக்குத் தடையென்று மூடியைக் கழற்றி மூலையில் போட்டிருக்கும் மில்லானால், மேற்கொண்டு எதுவும் கேட்காமல் திரும்பிவிடுங்கள்.

சேர்ந்தவுடன் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) எண்ணைக் கேட்டு வாங்குங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவருக்கு 0.75 விழுக்காடு பிடித்தம், முதலாளி பங்கு 3.25 விழுக்காடு. வேலையில் அடிபட்டுப் படுத்தால் கூலியில் 90 விழுக்காடு கிடைக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் அந்த உரிமை உண்டு. "பிறகு பதிந்து கொள்ளலாம்" என்று சொல்கிறவர்களிடம் நான் என் தம்பியை அனுப்ப மாட்டேன்.

கோபி பிட்டர்:
மூவருக்கும் நன்றி. இரண்டு இடத்தையும் நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன். பவானி அண்ணா, பேண்ட் சாவில் கையுறை போட்டுக்கொள்ளலாமா?

பவானிக்கரை:
ஓடும் மெஷினில் கூடாது தம்பி. பிளேடின் பல் கையுறையைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். தோளில் துண்டும் கூடாது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் பிளேடைக் கழற்றிச் சுருட்டும்போது மட்டும் தோல் உறை போட்டுக்கொள்ளுங்கள்.