சிறிய டிராக்டரின் லோடருக்கு எந்த ஃபோர்க் பொருந்தும்? ஏற்காடு காபித் தோட்டத்துக்கு உதவி தேவை

கேள்வி: நாகலூர் தோட்டக்காரர்

வணக்கம். ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் எங்களுக்குச் சிறிய காபித் தோட்டம் இருக்கிறது. 27 குதிரைத்திறன் கொண்ட ஃபோர் வீல் டிரைவ் டிராக்டரும் அதன் முன்னால் பொருத்திய லோடரும் (பக்கெட்டைத் தூக்கும் ஹைட்ராலிக் கைகள்) வைத்திருக்கிறோம். களத்தில் காய்ந்த காபியை மூட்டை பிடித்து, தரையீரம் ஏறாமலிருக்க பேலட் என்னும் மரத் தட்டின் மேல் அடுக்கி, பேலட்டோடு கிடங்குக்குக் கொண்டுபோக நினைக்கிறேன். மூட்டை தூக்க ஆள் கிடைப்பது வரவரக் கடினமாகிவிட்டது. ஒரு பேலட்டில் 50 கிலோ மூட்டைகள் எட்டு, அதாவது 400 கிலோ வரும். முழு உயரத்தில், பக்கெட்டை லோடர் கையில் மாட்டும் இரும்பு ஆணி இருக்கும் இடத்தில், 450 கிலோ தூக்கும் என்று லோடரின் கையேடு சொல்கிறது. பேலட்டுக்கு அடியில் நுழைத்துத் தூக்கும் இரும்புக் கரங்களான ஃபோர்க்கில், ஒரு டன் தாங்கும் 48 அங்குல ஃபோர்க் ஒன்றும், பக்கெட் விளிம்பிலேயே முடுக்கிக்கொள்ளும் மலிவான ஃபோர்க் ஒன்றும் விலைக்கு வந்திருக்கின்றன. எதை வாங்கலாம்?

பதில்: அயோத்தியாபட்டணம் பட்டறைக்காரர்

ஐயா, ஃபோர்க் ஒரு டன் தாங்கும் என்பது அந்த இரும்பு வளையாது என்பதற்கு மட்டுமே உத்தரவாதம். உங்கள் லோடர் எவ்வளவு தூக்கும் என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. கையேட்டின் 450 கிலோ, எடை அந்தப் பக்கெட் ஆணியிலேயே தொங்கினால் கிடைக்கும் அளவு. பேலட்டின் எடையோ ஃபோர்க்கின் முதுகிலிருந்து (நிமிர்ந்து நிற்கும் பகுதியிலிருந்து) சுமார் 600 மில்லிமீட்டர் முன்னால் நிற்கிறது.

லோடர் கையின் மேல் மூட்டிலிருந்து பக்கெட் ஆணி வரை 1.6 மீட்டர் என்றும், ஆணியிலிருந்து ஃபோர்க்கின் முதுகு 0.15 மீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். எடையின் மையம் மூட்டிலிருந்து 2.35 மீட்டருக்குப் போய்விடுகிறது. 450 ஐ 1.6 ஆல் பெருக்கி 2.35 ஆல் வகுத்தால் 306 கிலோதான் வருகிறது. ஃபோர்க்கை மாட்டும் சட்டமும் ஃபோர்க்கும் சேர்ந்து 90 கிலோ என்றால், அவை மூட்டுக்குச் சற்று அருகில் இருப்பதால் அதில் 70 கிலோ போலக் கழிய, பேலட்டுக்கு மிஞ்சுவது 235 கிலோ. இது தோராயக் கணக்குதான். உங்கள் வண்டியை டேப் வைத்து அளந்து எண்களை மாற்றிப் போட்டுப் பாருங்கள். எட்டு மூட்டை என்பது நடக்காது, மரப் பேலட்டின் எடையையும் சேர்த்தால் நான்கு மூட்டைதான். தரையை விட்டுக் கிளப்புவதற்கு மட்டும் பல லோடர்களில் இதைவிடக் கூடுதல் வலு இருக்கும், ஆனால் அதை நம்பி வாங்க வேண்டாம்.

ஆகவே கனமான ஃபோர்க் உங்களுக்கு நட்டமே. ஃபோர்க்லிஃப்ட் வண்டியிலிருந்து கழற்றிய பழைய ஃபோர்க்கை வாங்கினால், 100 மில்லிமீட்டர் அகலமும் 40 மில்லிமீட்டர் கனமும் கொண்ட ஒன்றே 40 கிலோவைத் தாண்டும். சட்டத்தையும் சேர்த்தால் உங்கள் லோடரின் வலுவில் பெரும்பங்கு அதற்கே போய்விடும். 36 அங்குல நீளமும் குறைந்த கனமும் கொண்ட, அடித்து உருவாக்கிய ஃபோர்க் போதும். 1200க்கு 1000 மில்லிமீட்டர் பேலட்டை அகலப் பக்கத்திலிருந்து எடுத்தால் ஆழம் 1000 மில்லிமீட்டர்தான், 36 அங்குலம் அதில் ஏறக்குறைய முழுதும் நுழையும். பழையதுதான் கிடைக்கிறது என்றால், ஃபோர்க் மடங்கும் குதிகாலில் வெடிப்பு இருக்கிறதா என்று துடைத்துப் பாருங்கள். கனம் பத்தில் ஒரு பங்கு தேய்ந்திருந்தால் தொடாதீர்கள். வளைந்ததைச் சூடேற்றி நிமிர்த்தித் தருகிறேன் என்று சொல்லும் பட்டறையையும் தவிர்த்துவிடுங்கள், பதனிட்ட இரும்பின் பலம் அங்கேயே போய்விடும்.

பதில்: வாழப்பாடி வாசகர்

பக்கெட்டில் முடுக்கும் ஃபோர்க் வேண்டாம். பக்கெட்டின் ஆழம் முழுவதும் எடையை இன்னும் முன்னால் தள்ளுவதோடு, ஒரு ஃபோர்க் மட்டும் வேரில் இடித்தாலும் பக்கெட் விளிம்பு முறுக்கிக்கொள்ளும். அதைவிட முக்கியம், பின்னால் எடை கட்டுவது. பெரும்பாலான டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரங்களில் மட்டுமே இருக்கிறது. முன்னால் பேலட் ஏறிப் பின்பக்கம் லேசானால் சரிவில் பிரேக் பிடித்தும் பயனிருக்காது. ஃபோர் வீல் டிரைவைப் போட்டுக்கொண்டே ஓட்டுங்கள், அப்போதுதான் முன்சக்கரங்களும் சேர்ந்து பிடிக்கும்.

கேள்வி: நாகலூர் தோட்டக்காரர்

நன்றி. அளந்து பார்த்தேன், உங்கள் 1.6 மீட்டருக்கு வெகு அருகில் வருகிறது. எனக்குப் பேலட்டை உயரத்தில் அடுக்க வேண்டியதில்லை, அரை அடி தூக்கினால் போதும். பின்னால் மூன்று புள்ளி இணைப்பில் (கலப்பை மாட்டும் இடத்தில்) மாட்டும் ஃபோர்க் இதற்குச் சரிவருமா? களத்திலிருந்து கிடங்கு வரை நல்ல ஏற்றம்.

பதில்: அயோத்தியாபட்டணம் பட்டறைக்காரர்

அரை அடிதான் என்றால் அதுவே மேல். உங்கள் ரக டிராக்டர்கள் பலவற்றில் பின் ஹைட்ராலிக் 750 கிலோ வரை தூக்கும். ஆனால் அந்த எண் அந்த இணைப்பின் கீழ்க்கைகளின் முனையில் அளந்ததா, அதற்கு 610 மில்லிமீட்டர் பின்னால் அளந்ததா என்று கையேட்டில் பாருங்கள், முனையில் அளந்ததாக இருந்தால் இங்கும் அதே கணக்குப் போட்டுக் குறைக்க வேண்டும். லோடரைக் கழற்றாமல், பக்கெட்டில் கொஞ்சம் கல் போட்டுத் தாழ்த்தி வைத்துக்கொண்டால் முன்சக்கரம் தரையை விடாது. ஏற்றத்தில் சுமை எப்போதும் மேட்டுப் பக்கம் இருக்க வேண்டும் என்பதால், பின் ஃபோர்க்கில் பேலட் இருக்கும்போது கிடங்குக்கு ரிவர்ஸில் ஏறுங்கள், காலி வண்டியை நேராக இறக்குங்கள். முதலில் ஐந்து மூட்டையோடு ஓட்டிப் பார்த்துவிட்டு, முன்சக்கரத்தில் ஸ்டீயரிங் கனமாகவே இருந்தால் ஒவ்வொரு மூட்டையாகக் கூட்டுங்கள்.