வேர்டில் பாரா இன்டென்ட்: தலைப்புக்குக் கீழே வரும் முதல் பாராவுக்கு மட்டும் வேண்டாம், எப்படி?

நண்பர்களே, ஒரு பெரிய கட்டுரைத் தொகுப்பை மைக்ரோசாப்ட் வேர்டில் புத்தகத்துக்காக ஒழுங்குபடுத்திக்கொண்டிருக்கிறேன். தட்டச்சு செய்தவர் ஒவ்வொரு பாராவின் தொடக்கத்திலும் டேப் அடித்திருந்தார். பாராக் குறியும் டேபும் சேர்ந்து வரும் இடங்களை ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸில் தேடி, டேபை மட்டும் நீக்கிவிட்டேன். அப்புறம் பாராக்களின் அமைப்பைத் தீர்மானிக்கும் நார்மல் ஸ்டைலைத் திருத்தி, பாராகிராஃப் பெட்டியில் ஸ்பெஷல் என்ற இடத்தில் ஃபர்ஸ்ட் லைன் தேர்ந்தெடுத்து, இன்டென்ட் (முதல் வரி உள்ளே தள்ளித் தொடங்கும் இடைவெளி) 0.5 செ.மீ. கொடுத்தேன். வேர்ட் தானாகக் காட்டும் 1.27 செ.மீ. சிறிய புத்தகப் பக்கத்துக்கு ரொம்ப அதிகம். இதுவரை சரி.

இப்போது உட்தலைப்புகளுக்கு அடுத்து வரும் முதல் பாரா இந்த இடைவெளி இல்லாமல், ஓரத்தை ஒட்டித் தொடங்க வேண்டும். நல்ல அச்சுப் புத்தகங்களில் அப்படித்தான் பார்த்திருக்கிறேன், கண்ணுக்கும் இதமாக இருக்கிறது. அதற்கென்று தனி ஸ்டைல் உருவாக்கி, ஹெடிங் ஸ்டைலில் ‘அடுத்த பாராவின் ஸ்டைல்’ என்ற இடத்தில் அதைக் கொடுத்தேன். புதிதாகத் தட்டச்சு செய்து என்டர் அடித்தால் வேலை செய்கிறது. ஏற்கெனவே இருக்கும் பாராக்கள் அப்படியே நிற்கின்றன.

நூற்றுக்கணக்கான உட்தலைப்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் போய் மாற்றாமல், மொத்தமாகச் செய்ய மேக்ரோவோ (வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல்) வேறு வழியோ தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இடையிடையே வரும் தடித்த, சாய்ந்த எழுத்துகள் மட்டும் கலையக் கூடாது.