கைரேகை பதித்த காப்பீட்டு அட்டை மோசடியைக் குறைக்குமா?

கேள்வி: ரீயூனியன் தீவின் சேன்-தெனிவாசி

வணக்கம். புதுச்சேரியிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் சித்திக்குப் பல்வலி கண்டபோது, உறவினர் ஒருவர், "அக்காளும் தங்கையும் ஒரே சாயல்தானே, உன் அம்மாவின் கார்த் வித்தாலைக் (பிரெஞ்சு நோய்க் காப்பீட்டு அட்டை) காட்டிவிடு, யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள்?" என்று கூசாமல் சொன்னார். நான் மறுத்துவிட்டுக் கைப்பணம் கொடுத்தே வைத்தியம் பார்த்தேன். அட்டையில் புகைப்படம் இருந்தும் இத்தகைய யோசனைக்கு இடமிருக்கிறது. பாரிஸில் சில அரசியல்வாதிகள் கேட்டுவரும் கைரேகை அட்டை வந்தால் இது நிற்குமா?

பதில்: மருந்தக ஊழியை, சேன்-ஆந்த்ரே

1998-இல் வந்த முதல் அட்டைகளில் படமே கிடையாது. 2007 முதல்தான் படம் அச்சாகிறது. ஆனால் அந்தப் படத்தை நாங்கள் ஆளோடு ஒப்பிடுவது அரிது, ஏனெனில் அட்டையை நீட்டுபவர் பல சமயம் அதற்கு உரியவரே அல்லர். மேலே மலைப்பகுதியான சலாசியில் இருக்கும் பாட்டிக்கு மருந்து வாங்கப் பேரன் அட்டையையும் மருந்துச் சீட்டையும் எடுத்துக்கொண்டு இறங்கி வருவான், அது முறையானதுதான். கைரேகை கட்டாயமானால் அந்தப் பேரனைத்தான் முதலில் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும்.

உங்கள் உறவினரின் யோசனையில் வேறோர் ஆபத்தும் உண்டு. சித்திக்குக் கொடுத்த மருந்து அம்மாவின் மருந்துப் பதிவேட்டில் ஏறிவிடும். நாளை அவருக்கு வேறு மருந்து தரும்போது, அவர் உட்கொள்ளாத ஒன்றோடு அது ஒத்துப்போகுமா என்று நாங்கள் குழம்பிக்கொண்டிருப்போம்.

பதில்: கணக்கர், சேன்-பியேர்

பணம் எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பிரான்சின் நோய்க் காப்பீட்டு நிறுவனம் 2024-இல் கண்டுபிடித்துத் தடுத்த மோசடியின் மொத்த மதிப்பு 628 மில்லியன் யூரோ. எண்ணிக்கையில் பாதிக்கு மேற்பட்டவை காப்பீடு பெற்றவர்கள் செய்தவை என்றாலும், தொகையில் பெரும்பங்கு மருத்துவத் தொழில் புரிவோருடையது. செவித்துணைக் கருவிகளில் மட்டும் 115 மில்லியன்! 2021 முதல் சில வகைக் கருவிகளுக்கு முழுச் செலவும் திரும்பக் கிடைப்பதால், கொடுக்காத கருவிக்கும் கணக்கு எழுதும் கும்பல்கள் அந்தத் துறைக்குள் புகுந்துவிட்டன. நடக்காத சிகிச்சைக்குப் பட்டியல் அனுப்புபவரை நோயாளியின் விரல் என்ன செய்யும்?

பாதுகாப்பான தாள் உதவிய இடமும் உண்டு. இணையத்தில் விலைக்குக் கிடைத்த போலி நோய்விடுப்புச் சீட்டுகள் பெருகியதால், ஒளிவில்லையும் (ஹோலோகிராம்) காந்த மையும் கொண்ட புதிய படிவம் 2025 செப்டம்பர் முதல் கட்டாயமாகியுள்ளது. அங்கே மோசடியே தாளில்தான் இருந்தது. ஆகவே தாளை மாற்றியது பொருத்தம்.

பதில்: ஓய்வுபெற்ற எழுத்தர், லெ போர்

கணக்கர் ஐயா சொல்வதில் ஒரு சிறு தடை எனக்கு உண்டு. அவர் தருவது பிடிபட்ட மோசடியின் கணக்கு. சாயலைக் காட்டி அட்டையைக் கைமாற்றுவது பிடிபடுவதே கடினம் என்பதால், அது குறைவாகத் தெரிவது இயல்பு. எனினும் கைரேகையை நானும் ஆதரிக்கவில்லை. நிதி, சமூகநலத் துறைகளின் ஆய்வாளர் குழு 2023-இல் தந்த அறிக்கையும் அதைப் பரிந்துரைக்காமல், தேசிய அடையாள அட்டையோடு இணைப்பதையே மேலெனக் கருதியது. மருத்துவர், தாதி, மருந்தகம் என ஒவ்வொருவரும் ரேகை படிக்கும் கருவி வாங்க வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

என் கருத்தில், சோதனை கடுமையாக இருக்க வேண்டிய இடம் அட்டை அல்ல, காப்பீட்டு எண் வழங்கும் வாயில். இந்தியாவில் பிறந்து இங்கு குடியேறிய நம்மவருடைய பிறப்புச் சான்று பிரான்சின் தூர் நகரிலுள்ள அடையாளச் சரிபார்ப்புப் பிரிவுக்குப் போய்ச் சரிபார்க்கப்பட்ட பிறகே, 99223 என்ற பிறப்பிடக் குறியோடு நிலையான எண் கிடைக்கிறது. அங்கே தவறான ஆள் நுழைந்துவிட்டால், பிறகு எத்தனை ரேகை பதித்தாலும் அட்டை அவரையே உண்மையானவர் என்று காட்டும்.

பதில்: மருந்தக ஊழியை, சேன்-ஆந்த்ரே

ஒன்று சேர்க்கிறேன்: அட்டை தொலைந்தால் உடனே தெரிவியுங்கள். முடக்கப்பட்ட அட்டைகளின் பட்டியல் எங்கள் கணினிக்கு வந்துவிடும். பலர் புதிய அட்டை வேண்டும்போதுதான் சொல்கிறார்கள். அதுவரை பழையது செல்லுபடியாகிக்கொண்டே இருக்கிறது.