விலான் 20 போர்ட்டில் ஐபி கிடைக்கவில்லை

கேள்வி: 8 போர்ட் ஸ்மார்ட் சுவிட்ச்; அதை விலான்களாக (ஒரே சுவிட்சுக்குள் தனித்தனி வலைப்பின்னல்கள்) பிரித்திருக்கிறேன். 1ஆம் போர்ட் ரௌட்டருக்கு, விலான் 20 டேக்டு (ஃபிரேமில், அதாவது தரவுப் பொட்டலத்தில், விலான் எண் டேக்காக ஒட்டியிருக்கும்). 5ஆம் போர்ட்டில் கேமரா, விலான் 20 அன்டேக்டு (டேக் இல்லாமல்); விலான் 1-இலிருந்து நீக்கியாயிற்று. கேமராவுக்கு ஐபி (வலைப்பின்னல் முகவரி) வரவில்லை. ஏன்?

பதில் 1: 5ஆம் போர்ட்டின் பிவிஐடியை (போர்ட்டின் இயல்பு விலான் எண்) பாருங்கள், அநேகமாக இன்னும் 1 என்றே இருக்கும். அன்டேக்டு என்பது வெளியே போகும் ஃபிரேமின் டேக்கை உரிக்க மட்டும்தான். டேக் இல்லாமல் உள்ளே வரும் ஃபிரேம் எந்த விலானில் சேரும் என்பதை பிவிஐடிதான் முடிவு செய்யும். இப்போது கேமராவின் டிஎச்சிபி கோரிக்கை (தானாக ஐபி கேட்பது) விலான் 1-க்குப் போகிறது. 5ஆம் போர்ட் விலான் 1-இல் இல்லாததால், அந்தக் கோரிக்கைக்கான பதில் கேமராவுக்குத் திரும்ப வழியில்லை. பிவிஐடியை 20 ஆக்குங்கள்.

பதில் 2: ரௌட்டரிலும் விலான் 20-க்குத் தனி இன்டர்ஃபேஸ், டிஎச்சிபி வேண்டும். சுவிட்சை நிர்வகிக்கும் கணினியின் போர்ட்டை மட்டும் விலான் 1-இலேயே விடுங்கள். மாற்றிவிட்டால் அந்தப் போர்ட் வழியாகச் சுவிட்ச் அமைப்புக்குள் நுழைய முடியாமல் போகலாம்; விலான் 1-இல் வேறு போர்ட்டும் இல்லாவிட்டால் ரீசெட்தான். சேவ் கொடுக்க மறக்காதீர்கள். சேவ் செய்யாவிட்டால் பல மாடல்களில் மின்சாரம் போனால் அமைப்பும் போய்விடும்.