குயில்ட் வரிசைகள் ஒன்றோடு ஒன்று சேர மாட்டேன் என்கின்றன, தலையணையும் சுருங்குகிறது: உதவி தேவை

நூல்கண்டு:

வணக்கம். தையலில் நான் பெரிய ஆள் இல்லை, பை, தலையணை உறை, ஜன்னல் திரை வரைக்கும் தைப்பேன். அக்காவுக்கு இது 7-ஆம் மாதம். பிறக்கப்போகும் குழந்தைக்கு என் கையாலேயே ஒரு சின்ன குயில்ட் (துண்டுத் துணிகளைச் சேர்த்து, நடுவே பஞ்சு வைத்துத் தைக்கும் விரிப்பு), அக்காவுக்கும் மாமாவுக்கும் ஆளுக்கொரு பேட்ச்வொர்க் தலையணை என்று பெரிதாகச் சொல்லிவிட்டு, இப்போது மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

துணி எல்லாம் வீட்டில் இருந்த பழைய பருத்திச் சட்டைகள். 5 அங்குலச் சதுரமாக 64 வெட்டினேன். வரிசைக்கு 8, மொத்தம் 8 வரிசை. முதல் நாலு வரிசையைச் சேர்த்தபோது மூலைகள் எல்லாம் அழகாக உட்கார்ந்தன, எனக்கே பெருமையாக இருந்தது. ஐந்தாவது வரிசையை வைத்துத் தைத்தால் முதல் மூலை சேருகிறது, நாலாவது மூலையில் கொஞ்சம் விலகுகிறது, கடைசிக்கு வரும்போது ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாகத் துணி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. மூன்று தடவை பிரித்துத் தைத்துவிட்டேன். பிரித்துப் பிரித்து ஓரம் நூல் நூலாக வந்துவிட்டது. மெஷினில்தான் ஏதோ கோளாறு என்று நினைக்கிறேன்.

இரண்டாவது கேள்வி. முன்னோட்டமாக 16 அங்குலத்தில் ஒரு தலையணை உறை தைத்துப் பார்த்தேன். மேல்பக்கம் பரவாயில்லை, திருப்பிப் பார்த்தால் பின்துணியில் குட்டிக் குட்டி மடிப்பு, அதன் மேலேயே தையல் ஓடியிருக்கிறது. சில இடத்தில் அடிநூல் பக்கம் வளையம் வளையமாகத் தொங்குகிறது. என்ன செய்யலாம்?

பழைய_ஊசி:

முதலில் ரிப்பரை, அதுதான் தையல் பிரிக்கும் அந்தக் கருவியை, கீழே வையுங்கள். அளக்காமல் பிரிக்கவே கூடாது. 5 அங்குலச் சதுரம் எட்டை, ஓரத்தில் கால் அங்குலம் விட்டுத் தைத்துச் சேர்த்தால் வரிசை 36½ அங்குலம் வர வேண்டும் (40 அங்குலத்தில் ஏழு தையலுக்கு மூன்றரை போய்விடும்). மேல் நாலு வரிசை எவ்வளவு, கீழ் வரிசைகள் எவ்வளவு என்று அளந்து சொல்லுங்கள். ஓரத்தில் அளக்காதீர்கள், ஓரம் இழுபட்டிருக்கும், துணியின் நடுவில் டேப்பை வைத்து அளங்கள். இன்னொன்று, நாலாவது வரிசைக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே என்ன மாறியது? ஊசி, ஃபுட் (துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம்), ஏதாவது?

தொப்பித்தையல்:

இதற்கு ஏன் இவ்வளவு கணக்கு? நீளமாக இருக்கும் வரிசையைக் கீழே வைத்து, குட்டையானதை மேலே வைத்து, ஒவ்வொரு மூலையிலும் குண்டூசி குத்தித் தையுங்கள். மெஷினின் பல் அடித்துணியைத்தான் இழுக்கும், அதனால் மிச்சத் துணி தானாக உள்ளே போய்விடும். நான் எப்போதும் அப்படித்தான்.

பழைய_ஊசி:

அது ஒரு நூல், இரண்டு நூல் வித்தியாசத்துக்குச் சரி. (நூல் என்று நான் சொல்வது தைக்கிற நூல் இல்லை, அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு.) முக்கால் அங்குலத்துக்கும் மேல் என்றால் அந்த ஒரு தையலை ஏமாற்றிவிடலாம், ஆனால் கீழ்ப்பாதி அகலமாகவே இருக்குமே? கடைசியில் குயில்ட் பாவாடை மாதிரி கீழே விரிந்து நிற்கும்.

நூல்கண்டு:

அளந்துவிட்டேன். மேல் நாலு வரிசையும் 35⅝-க்குப் பக்கத்தில் வருகிறது. ஐந்தாவதும், இன்னும் சேர்க்காமல் தனித்தனியாக இருக்கும் ஆறு, ஏழு, எட்டும் 36½.

என்ன மாறியது என்று கேட்டீர்கள் இல்லையா, நான் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. மேல் நாலு வரிசையும் அம்மா வீட்டில் இருந்தபோது அம்மாவின் பழைய மெஷினில் தைத்தது. அப்புறம் இங்கே வந்து என் மெஷினில். இரண்டிலும் ஃபுட் ஓரத்தை வைத்துத்தான் தைத்தேன், அதுதானே கால் அங்குலம்?

பழைய_ஊசி:

பிடித்துவிட்டோம். ஃபுட் ஓரம் கால் அங்குலம் என்று எந்தச் சட்டமும் இல்லை, மெஷினுக்கு மெஷின் மாறும். சாதாரண ஃபுட் பெரும்பாலும் கால் அங்குலத்தைவிட அகலமாகவே இருக்கும். அம்மாவின் மெஷினில் அது அரை நூல் கூட இருந்திருக்கிறது. ஒரு தையலில் இரண்டு பக்கத் துணியும் போகிறது, ஆக ஒரு தையலுக்கு ஒரு நூல். வரிசைக்கு ஏழு தையல், ஏழு நூல். 36½-இல் ஏழு நூல் போனால் 35⅝. உங்கள் கணக்கு அப்படியே உட்கார்ந்துவிட்டது பாருங்கள்.

நம்பிக்கை இல்லையென்றால் சின்ன சோதனை. வேண்டாத துணியில் 1½ அங்குல அகலத்தில் மூன்று பட்டை வெட்டிப் பக்கம் பக்கமாகத் தைத்து, இஸ்திரி போட்டு, நடுப்பட்டையை மட்டும் அளங்கள். சரியாக 1 அங்குலம் இருந்தால் உங்கள் கால் அங்குலம் உண்மையான கால் அங்குலம். குறைவாக இருந்தால் நீங்கள் அதிகமாகத் துணி விடுகிறீர்கள்.

இப்போது நல்ல செய்தி. பிரிக்க வேண்டியது ஒரே ஒரு தையல்தான், நாலையும் ஐந்தையும் சேர்த்த நீளத் தையல். நீளமான வரிசைகளில் ஒன்றையும் பிரிக்காதீர்கள். இருக்கும் தையலுக்கு அரை நூல் உள்ளே தள்ளி, அதாவது சதுரத்தின் பக்கமாக, இன்னொரு தையல் ஓட்டுங்கள். வரிசை தானாகக் குட்டையாகும். பழைய தையல் உள்ளே மறைந்து கிடக்கும், யார் பார்க்கப் போகிறார்கள்? நாலு வரிசைக்கு 28 சின்னத் தையல், ஒரு சாயங்கால வேலை. முடித்ததும் மறுபடி இஸ்திரி போட்டுவிட்டு மூலைகளைச் சேர்த்துத் தையுங்கள்.

குட்டையை நீளமாக்கப் போனால்தான் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். அதனால் எப்போதும் பெரியதைச் சின்னதாக்குவதே சுலபம்.

இனிமேலுக்கு: ஊசியைக் கையால் கீழே இறக்கி, அளவுகோலின் கால் அங்குலக் கோட்டை ஊசியிலேயே முட்ட வைத்து, அளவுகோல் முடியும் இடத்தில் மெஷின் தட்டின் மேல் டேப் ஒட்டிவிடுங்கள். நாலைந்து அடுக்காக ஒட்டினால் சின்ன வரப்பு மாதிரி நிற்கும், துணி ஓரத்தை அதில் உரசிக்கொண்டு தைக்கலாம். ஃபுட்டைப் பார்க்கவே வேண்டாம்.

சட்டைப்பை:

பழைய சட்டையில் தைப்பதால் ஒன்று சொல்கிறேன், நானும் இதில் அடிபட்டவள். சட்டையைப் பிரிக்கும்போது முதுகுத் துணியில்தான் நேர்நூல் தெரியும், கைத்துணியில் சதுரத்தைக் கோணலாக வைத்து வெட்டினால் அது கிராஸ் ஆகிவிடும். கிராஸில் வெட்டிய சதுரம் ரப்பர் மாதிரி இழுபடும். ஒரு சதுரத்தை இரு ஓரமும் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள், நீள்கிறதா? அப்படிப்பட்டது இருந்தால் கஞ்சி போட்டு இஸ்திரி செய்து விறைப்பாக்கித் தையுங்கள். இஸ்திரியும் தேய்த்து இழுக்கக் கூடாது, பெட்டியை வைத்து அழுத்தி எடுத்து அடுத்த இடத்தில் வையுங்கள். பாதிக் கோணல் இஸ்திரிப் பெட்டியால்தான் வருகிறது என்பது என் கட்சி.

பனியன் துணி கலந்திருக்கிறீர்களா? அதற்குப் பின்னால் ஒட்டுக் கேன்வாஸ் ஒட்டாமல் சேர்க்கவே சேர்க்காதீர்கள்.

நூல்கண்டு:

பனியன் இல்லை, எல்லாம் சட்டைதான். சோதனை செய்தேன். என் மெஷினில் நடுப்பட்டை சரியாக 1 அங்குலம். அம்மாவுக்குப் போன் செய்து அதே மாதிரி தைக்கச் சொன்னேன், அங்கே ⅞. மெஷின் மேல் பழி போட்டதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், இரண்டு மெஷினிடமும்.

தலையணைச் சுருக்கத்துக்கு யாராவது?

தொப்பித்தையல்:

இதற்கு நான் சொல்கிறேன், இதில் என்னைத் திருத்த முடியாது :) பின்துணி, பஞ்சு விரிப்பு, மேல்துணி மூன்றையும் எப்படிச் சேர்த்துப் பிடித்தீர்கள்? எத்தனை ஊசி?

நூல்கண்டு:

நாலு மூலையில் நாலு குண்டூசி, நடுவில் ஒன்று.

தொப்பித்தையல்:

ஐந்து ஊசியில் 16 அங்குலமா! அதுதான் காரணம். பின்துணியைத் தரையில் உள்பக்கம் மேலே இருக்கும்படி விரித்து, ஓரங்களை டேப்பால் தரையோடு ஒட்டுங்கள். இறுக்கி இழுக்க வேண்டாம், சுருக்கம் இல்லாமல் இருந்தால் போதும். மேலே பஞ்சு, அதற்கு மேல் உங்கள் பேட்ச்வொர்க். பின்துணியும் பஞ்சும் நாலு பக்கமும் இரண்டு அங்குலமாவது பெரிதாக இருக்கட்டும். அப்புறம் நடுவிலிருந்து ஆரம்பித்துக் கையை முட்டியாக மடக்கி வைத்தால் எங்கே வைத்தாலும் ஒரு ஊசி முட்ட வேண்டும், அந்த நெருக்கத்தில் சேஃப்டி பின். பின் இல்லையா, பெரிய பெரிய ஓட்டுத்தையல் கையால் போட்டுக்கொள்ளுங்கள், பிறகு உருவிவிடலாம்.

தைப்பதும் நடுக்கோட்டில் தொடங்கி வெளியே. ஓரத்திலிருந்து உள்ளே போனால் துணியைத் துரத்திக்கொண்டு போய் நடுவில் மடிப்பாகக் கொட்டிவிடும். தையல் நீளம் 3 மில்லிமீட்டருக்கு மேல் வையுங்கள், சதுரம் சேர்க்கும் 2½ இங்கே குட்டை. வாக்கிங் ஃபுட் இருந்தால் மாட்டுங்கள், அது மேல்துணியையும் அடித்துணி வேகத்துக்கே நகர்த்தும். இல்லையென்றால் ஃபுட் அழுத்தத்தைக் குறைத்துவிட்டு மெதுவாகப் போங்கள். ஊசியும் 14 நம்பர் புதிதாகப் போடுங்கள், சட்டை, பஞ்சு, சட்டை என்று மூன்று அடுக்கு, பழைய ஊசி திணறும். (மேலே பதில் எழுதியவரைச் சொல்லவில்லை.)

அடியில் வளையம் தொங்குகிறது என்றால் பாபினை (அடிநூல் சுற்றிய குட்டி உருளையை) நோண்டாதீர்கள். கோளாறு மேல்நூலில். ஃபுட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு மேல்நூலை முழுக்க உருவி மறுபடி கோர்த்துக்கொள்ளுங்கள். ஃபுட் கீழே இருக்கும்போது கோர்த்தால் நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் மூடியிருக்கும், நூல் உள்ளே போகாமல் வெளியிலேயே ஓடும்.

பழைய_ஊசி:

கடைசி அடைப்புக்குறியைப் படித்தேன். மற்றபடி சொன்னது அத்தனையும் சரி.

தலையணை உள்ளே வைக்கும் திண்டு உறையைவிட ஒன்று, இரண்டு அங்குலம் பெரிதாக இருக்கட்டும். 16 அங்குல உறைக்குள் 16 அங்குலத் திண்டு வைத்தால் மூலைகள் தொளதொளவென்று காது மாதிரி நிற்கும். மூலைக்குப் பக்கத்தில் வரும்போது தையலைக் கொஞ்சம் உள்ளே சாய்த்துக் கொண்டுபோனாலும் அந்தக் காது வராது. பின்பக்கம் ஜிப் வேண்டாம், இரண்டு துணி நாலு அங்குலம் ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி வைத்தால் போதும்.

மணிப்பொறி:

தையல் எனக்குத் தெரியாது, குழந்தை விஷயம் என்பதால் எழுதுகிறேன். பிறந்த குழந்தை தூங்கும் இடத்தில் குயில்ட், தலையணை, மெத்தென்ற எதுவும் வைக்கக் கூடாது, முகத்தில் மூடி மூச்சு அடைத்துவிடும். முதல் 12 மாதம் வரைக்கும் இப்படித்தான் குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். அக்காவிடம் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். சட்டைப் பொத்தானை அழகுக்கு விட்டு வைக்கும் எண்ணம் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள், வாயில் போகும்.

நூல்கண்டு:

அய்யோ, ஒரு சதுரத்தில் மாமா சட்டையின் பொத்தானோடு சேர்த்துத்தான் வெட்டியிருந்தேன், அழகாக இருக்கிறதே என்று. பொத்தானை இப்போது எடுத்துவிட்டேன். குயில்ட்டை நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போது தரையில் விரித்துக் குப்புறப் போட்டு விளையாட வைக்கலாம் இல்லையா? அப்படியே சொல்லிக் கொடுக்கிறேன்.

சட்டைப்பை:

தாராளமாக. தரையில் விரிப்பது என்றால் அடிக்கடி துவைக்க வேண்டியிருக்கும், அதனால் பஞ்சு சேர்ப்பதற்கு முன்னால் சாயம் பாருங்கள். அடர்சிவப்பு, கருநீலம் இருந்தால் ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேயுங்கள், வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தச் சதுரத்தை மாற்றிவிடுவது நல்லது. பழைய சட்டை பல தடவை துவைத்தது, பெரும்பாலும் பயமில்லை. பின்துணி புதுசு என்றால் அதைக் கண்டிப்பாக நனைத்துக் காயவைத்துவிட்டு வெட்டுங்கள். அப்படியும் முதல் துவைப்பில் சாயம் இறங்கிவிட்டால் காயவிடாமல், இஸ்திரி போடாமல், நிறையத் தண்ணீரில் ஊறவைத்து அலசுங்கள். காய்ந்துவிட்டால் போகாது.

பருத்திப் பஞ்சு விரிப்பு முதல் துவைப்பில் கொஞ்சம் சுருங்கும், குயில்ட் முழுக்க லேசாகச் சுருக்கம் விழும். பயந்துவிடாதீர்கள். எனக்கு அந்தச் சுருக்கம் விழுந்த பிறகுதான் குயில்ட் மாதிரியே தெரியும்.

நூல்கண்டு:

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். நாலு வரிசைக்கும் உள்ளே தள்ளித் தையல் ஓட்டினேன், எல்லாம் 35⅝, 35½ என்று வந்துவிட்டது. எட்டு வரிசையும் சேர்ந்துவிட்டது. ஒரே ஒரு இடத்தில், கீழிருந்து இரண்டாவது வரிசையில், அப்பாவின் கோடுபோட்ட சட்டைக்கும் என் பள்ளிக்கூடச் சீருடைக்கும் நடுவே மூலை ஒரு நூல் விலகி நிற்கிறது. ரிப்பரை எடுத்தேன், வைத்துவிட்டேன்.

தரையில் டேப் ஒட்டிச் செய்தது பெரிய வித்தியாசம், பின்பக்கம் ஒரு மடிப்புகூட இல்லை. ஓரத்துக்குப் பைப்பிங் (ஓரத்தை மூடித் தைக்கும் பட்டை) மட்டும் பாக்கி. 2½ அங்குலப் பட்டை எவ்வளவு நீளம் வேண்டும்? கிராஸில் வெட்டணுமா?

பழைய_ஊசி:

நேர் ஓரத்துக்குக் கிராஸ் வேண்டாம், நேர்த்துணி போதும். வளைந்த ஓரத்துக்குத்தான் கிராஸ். நாலு பக்கமும் சேர்த்து 144 அங்குலம், மூலை திரும்பவும் முனை சேர்க்கவும் 12. ஆக 156. சட்டைத் துணியில் அவ்வளவு நீளம் கிடைக்காது, பட்டைகளைச் சாய்வாக ஒட்டுப் போட்டுக்கொள்ளுங்கள், நேராக ஒட்டினால் அந்த இடம் மட்டும் தடித்து நிற்கும். மூலை வருவதற்குக் கால் அங்குலம் முன்னாலேயே தையலை நிறுத்துங்கள்.

நூல்கண்டு:

சட்டைக் காலரை எல்லாம் தூக்கிப் போடாமல் வைத்திருந்தேன், பிரித்துப் பார்த்தால் பட்டைக்கு ஆகாது, ரொம்பக் குட்டை. மாமாவின் கருநீலச் சட்டை இன்னொன்று கேட்டிருக்கிறேன், எதற்கு என்று சொல்லவில்லை.